பழைய சுண்ணாம்புக் காளவாயைக் கண்டறிந்து பதிவு செய்வது எப்படி? காவிரிப் படுகைக்கான முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய நடையில் இருக்கும் சோழர் ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியவை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்தது. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறையில் நிற்கும் நாயக்கர் கால நெற்களஞ்சியம், கும்பகோணத்துக் கோபுரங்களின் சுதைச் சிற்பங்கள், ஆற்றங்கரைப் படித்துறைகள், மெத்தை வீடுகள் என்று டெல்டாவில் பழைய கட்டடம் எதைத் தொட்டாலும் கையில் சுண்ணாம்பு ஒட்டும்.

இவ்வளவு சுண்ணாம்பும் எங்கோ ஓர் இடத்தில் வெந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த இடங்களைப் பற்றி நமக்கு அக்கறை குறைவு. கோயிலுக்குப் பாதுகாப்பு வேலி இருக்கிறது, அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதைக் கட்டச் சுண்ணாம்பு சுட்ட காளவாய் வீட்டுக் கடைக்கால் தோண்டும்போது தலைகாட்டினால், அரை மணி நேரத்தில் பொக்லைன் வாரிப் போட்டுவிடுகிறது. "ஏதோ பழைய செங்கல்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. மனைக்காரர், மேஸ்திரி, வரலாற்று ஆசிரியர், கல்லூரி மாணவர், ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர் என யாருக்கும் இது பயன்படும். தோண்டுவது உங்கள் வேலை இல்லை. கண்டுகொள்வது, நிறுத்துவது, பதிவு செய்வது, சொல்ல வேண்டியவரிடம் சொல்வது, இவ்வளவுதான்.

முதலில், காளவாய்க்குள் நடந்தது என்ன?

இதைப் புரிந்துகொள்ளாமல் மண்ணில் கிடப்பதைப் படிக்க முடியாது. சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வெந்தால், அதில் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ புகையோடு போய்விடும். சுட்டதில் தண்ணீர் தெளித்தால் சூடு கிளம்பி, வெடித்து, பொரிந்து மாவாகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு அந்தக் கொதிப்பு தெரியும். இதுதான் நீற்றுதல். நீற்றிய சுண்ணாம்பு மணலோடும் செங்கல் தூளோடும் சேர்ந்து சுவருக்குப் போனபின், காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு இறுகும்.

இந்த ஒவ்வொரு கட்டமும் ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. சுடுவதற்குமுன் குவித்து வைத்த கிளிஞ்சலின் மிச்சம், சுட்டபின் தள்ளிய சாம்பல், வேகாத துண்டுகள், நீற்றிய குழியின் வெள்ளைப் படிவு. காளவாய்ச் சுவரே போய்விட்டாலும் இவை கிடக்கும்.

மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பது டெல்டாவில் பெரிய கேள்வி. இங்கே முழுக்க வண்டல் மண், கல் கிடையாது. மூன்று வழிகள் இருந்தன. கடற்கரையிலும் உப்பங்கழிகளிலும் வாரிய கிளிஞ்சலும் மட்டியும் ஒன்று. வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் இதற்குப் பஞ்சமே இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், கல்லக்குடி வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் இரண்டாவது. டைனோசர்கள் உலவிய காலத்தில் அங்கே கிடந்த கடலின் அடிப்படிவு அது. மூன்றாவது, மேட்டு நிலங்களில் மண்ணுக்குள் உருண்டை உருண்டையாகக் கிடைக்கும் சுக்கான்கல். கிளிஞ்சல் சுண்ணாம்பு தூய வெள்ளை, பூச்சுக்கும் வெற்றிலைக்கும் ஏற்றது. சுக்கான்கல்லில் களிமண் கலந்திருப்பதால் அதன் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். மதகுக்கும் படித்துறைக்கும் அது தேவைப்பட்டது. ஆக, ஒரு காளவாயில் எது வெந்தது என்று தெரிந்தால், அது எந்த வகைக் கட்டடத்துக்காக எரிந்தது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ரோம் நகரத்தில் இடைக்காலத்துச் சுண்ணாம்புக்காரர்கள் பழைய பளிங்குச் சிலைகளையும் தூண்களையும் உடைத்துக் காளவாயில் போட்டார்கள். பளிங்கு வெந்தால் சுண்ணாம்பு ஆகும். நம் கோயில்கள் கருங்கல், எவ்வளவு சுட்டாலும் சுண்ணாம்பு ஆகாது. அந்த வகையில் தப்பித்தோம். ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கற்கள் 1836 வாக்கில் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கொண்டுபோகப்பட்டன. அழிவு வேறு வழியில் வந்தது.

படி 1: எங்கே இருக்கும் என்று ஊகியுங்கள்

காளவாய்க்கு நான்கு வசதி வேண்டும். மூலப்பொருள் வந்து இறங்க ஆறோ வண்டிப்பாதையோ, நீற்றத் தண்ணீர், எரிக்க விறகு, வெள்ளம் ஏறாத மேடு. கூடவே, புகை ஊருக்குள் வராத தூரம். ஆகவே பழைய நகரத்தின் விளிம்பில், ஆற்றையோ வாய்க்காலையோ ஒட்டிய திடல்களில் தேடுவதுதான் முறை. பழையாறை, சோழன்மாளிகை போன்ற பழைய தலைநகரப் பகுதிகளில் இன்று வாழைக்கொல்லையாகவும் தென்னந்தோப்பாகவும் இருக்கும் மேடுகளைக் கவனியுங்கள். பெரிய திருப்பணி நடந்த கோயிலென்றால், அந்த வேலைக்காக மட்டும் பக்கத்திலேயே தற்காலிகக் காளவாய் போட்டிருப்பார்கள். அது குளக்கரையிலோ வெளி மதிலுக்கு அப்பாலோ இருக்கலாம்.

தெருப் பெயர்களும் கொல்லைப் பெயர்களும் உதவும். மதுரையில் காளவாசல் என்றே ஒரு பகுதி இருப்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஊரிலும் காளவாய்த் திடல், சுண்ணாம்புக்காரத் தெரு என்று ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் மேடு, திடல், புறம்போக்கு எனக் குறித்திருக்கும் இடங்களைப் பாருங்கள். பல ஊர்களில் செங்கல் சுடுவதையும் காளவாய் என்றே சொல்வார்கள். அதனால் பெயரை வைத்து முடிவு கட்டாமல், "அங்க என்ன சுட்டாங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

பழைய கொத்தனார்கள், சுதை வேலைக்காரர்கள், தலைமுறையாகச் சுண்ணாம்பு விற்றவர்கள் இவர்களிடம் உட்கார்ந்து பேசுவது எந்தப் பதிவேட்டையும்விட மேலானது. கிளிஞ்சல் எங்கிருந்து வந்தது, கரியையும் கிளிஞ்சலையும் எப்படி அடுக்கினார்கள், வெந்துவிட்டது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதத்தோடு குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த அறிவு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது, காளவாயைவிட வேகமாக.

படி 2: பருவம் பார்த்துப் போங்கள்

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காயும். அதிலிருந்து மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 வரைதான் உங்களுக்கு நல்ல காலம். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், புல் காய்ந்து தரை தெரியும். அதோடு, ஆறும் வாய்க்காலும் தூர்வாரும் வேலை தண்ணீர் வருவதற்கு முந்தைய வாரங்களில்தான் நடக்கும். புதிதாகச் செதுக்கிய கரையில் மண் அடுக்குகள் பளிச்சென்று தெரியும் நேரம் அது. கரையோரம் நடந்து, பழுப்பு வண்டலுக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு, அதற்கு மேலோ கீழோ கறுப்பும் வெள்ளையும் கலந்த பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் வந்துவிட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் மறைந்துவிடும்.

படி 3: கண்ணில் பட்டதும் நிறுத்துங்கள்

வேலை நடக்கும் இடத்தில் வட்டமான செங்கல் சுவரோ கருகிய மண்ணோ தெரிந்தால், முதலில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டுநரோடு சண்டை போடாதீர்கள். அவருக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடும். மனையின் இன்னொரு மூலையில் வேலையைத் தொடரச் சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஏற்கெனவே வாரிப் போட்ட மண்குவியலை லாரியில் ஏற்றாமல் அப்படியே விடச் சொல்லுங்கள், அதிலும் தடயம் இருக்கும். குழி நெஞ்சளவுக்கு மேல் ஆழமென்றால் உள்ளே இறங்க வேண்டாம். வண்டல் மணல் சுவர் சொல்லாமல் சரியும்.

படி 4: இது சுண்ணாம்புக் காளவாய்தானா?

நிதானமாகப் பார்க்க வேண்டிய படி இது. டெல்டா மண்ணுக்குள் வட்டமாக இருப்பவை பல.

உறைகிணறு என்றால் சுடுமண் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கியிருக்கும். வளையம் சுட்டதுதான், ஆனால் சுற்றியுள்ள மண் சுடப்பட்டிருக்காது. காளவாயில் சுவருக்கு வெளியே இருக்கும் மண்ணும் வெப்பத்தால் சிவந்திருக்கும். சுவரை ஒட்டி அடர் சிவப்பு, தள்ளிப் போகப்போக ஆரஞ்சு, பிறகு சாதாரண வண்டல் நிறம் என்று படிப்படியாக மாறும். இந்த நிறமாற்றம் இருந்தால் நெருப்பு அங்கேயே எரிந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

செங்கல் சூளை பெரும்பாலும் நீள்சதுரமாக, நிலையான சுவர் இல்லாமல் இருக்கும். உடைந்த, உருகி ஒட்டிய செங்கற்கள் குவிந்திருக்கும், சுண்ணாம்பு இருக்காது. குயவர் சூளையில் கோணிய பானைகளும் ஓடுகளும் கிடைக்கும். இரும்பு உருக்கிய இடத்தில் கறுத்து, கனத்து, குமிழி குமிழியாகக் கசடு கிடக்கும். வெள்ளைப் படிவு மட்டும் இருந்து நெருப்பின் அடையாளமே இல்லையென்றால் அது நீற்றுக்குழி. அதுவும் முக்கியம்தான், பக்கத்திலேயே காளவாய் இருக்க வாய்ப்பு உண்டு. சுட்ட எலும்பும் வெளுத்து நொறுங்கும் என்பதை மறக்காதீர்கள். பழைய ஈமத்தாழியோ சுடுகாடோ என்று சந்தேகம் வந்தால் தொடாமல் விலகி, நேரே படி 8-க்குப் போங்கள்.

இனி காளவாய்க்கே உரிய அடையாளங்கள். சுவரின் அடியில் காற்றுப் போக ஒரு வாய் இருக்கும். வெந்த சுண்ணாம்பை இழுத்து வெளியே எடுத்ததும் பெரும்பாலும் அதே வழியாகத்தான். அந்த வாய்க்கு எதிரே சாம்பலும் கழிவும் விசிறி போலப் பரந்திருக்கும். சுவரின் உள்முகத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். செங்கல்லின்மேல் பச்சையும் சாம்பலும் கலந்த கண்ணாடி மாதிரியான மினுக்கம் வழிந்து உறைந்திருக்கும். எரிபொருள் சாம்பலில் இருக்கும் காரம் செங்கல் மண்ணை உருக்கியதால் வருவது அது. உமி எரித்திருந்தால் அதன் சாம்பலில் உள்ள மணல்சத்தும் சேர்ந்துகொள்ளும். வீட்டு அடுப்பிலோ சாதாரணத் தீவிபத்திலோ இவ்வளவு சூடு ஏறாது.

அடுத்து, வேகாத துண்டு. கழிவுக் குவியலில் முஷ்டியளவு கல் ஒன்றை எடுத்து, உடைந்த முகத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல் பட்டாலே மாவாக உதிரும் வெள்ளை ஓடு வெளியே இருக்கும், நடுவில் சாம்பல் நிறத்தில் கெட்டியான கல் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். சூடு வெளியிலிருந்து உள்ளே போய் நின்ற இடம்தான் அந்தக் கோடு. நெருப்பு அந்தக் கல்லின் மையத்தைத் தொடுவதற்குள் காளவாய் அணைந்திருக்கிறது. கிளிஞ்சலென்றால் பளபளப்பு போய், சுண்ணக்கட்டி மாதிரி வெளுத்து, நகத்தால் கீறினால் கோடு விழும். அதன் வரிகள் மட்டும் இன்னும் தெரியும். அதிகமாக வெந்த துண்டும் கிடைக்கும். இறுகிப்போய் தண்ணீரில் நீறாது என்று அதையும் ஒதுக்கியிருப்பார்கள். சுண்ணாம்புக்காரர் ஒதுக்கியதுதான் இன்று நமக்குச் சாட்சி. நல்லதெல்லாம் கோபுரத்துக்குப் போய்விட்டது.

படி 5: இரண்டு எளிய சோதனைகள்

மண்குவியலில் உதிர்ந்து கிடக்கும் வெள்ளைத் துண்டில் மட்டும் செய்யுங்கள், சுவரில் செய்யாதீர்கள்.

ஒரு துண்டின்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் சுடாத கிளிஞ்சலும் சுக்கான்கல்லும் நுரைக்கும், விறகுச் சாம்பலும் லேசாக நுரைக்கும். ஆகவே நுரையை மட்டும் நம்பக் கூடாது.

மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியில், ஈரமாக்கிய துண்டைத் தேயுங்கள். புதுச் சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆரத்தித் தட்டில் நடப்பதுதான். பல நூற்றாண்டு கிடந்த சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து மறுபடி கல்தன்மை அடைந்துவிடுவதால் பெரும்பாலும் சிவக்காது. துணி நன்றாகச் சிவந்தால் அந்தச் சுண்ணாம்பு அண்மைக் காலத்தது என்று சந்தேகப்படலாம். நுரைத்து, ஆனால் சிவக்காமல், பக்கத்தில் கருகிய சுவரும் வேகாத துண்டுகளும் இருந்தால் பழைய காளவாய் என்று எழுத உங்களுக்குத் தெம்பு வரும்.

படி 6: அளந்து, வரைந்து, படமெடுங்கள்

கைபேசி, அளவு நாடா, கட்டம் போட்ட நோட்டு, பென்சில், மெல்லிய தூரிகை இவை போதும். கம்பியாலோ மண்வெட்டியாலோ சுரண்ட வேண்டாம். தூசியைத் தூரிகையால் தள்ளினால் சரி.

முதலில் இடத்தைக் குறியுங்கள். கைபேசி வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, கூடவே புல எண், அருகில் மாறாமல் நிற்கும் இரண்டு பொருட்களிலிருந்து தூரம். கோயில் மதில் மூலை, பாலம், மைல்கல் போன்றவை நல்லவை. வேப்பமரத்தை வைத்துக் குறிக்காதீர்கள், வெட்டிவிடுவார்கள்.

உள்விட்டத்தை இரண்டு திசையில் அளங்கள். சுவரின் தடிமன், மிஞ்சியிருக்கும் உயரம், இன்றைய தரைமட்டத்திலிருந்து சுவரின் மேல்விளிம்பு எவ்வளவு கீழே இருக்கிறது, வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது, இவை எல்லாம் வேண்டும். முழுச் செங்கல் தெரிந்தால் பத்துக்குக் குறையாமல் நீளம், அகலம், தடிமன் அளந்து ஒவ்வொன்றையும் தனியாக எழுதுங்கள். சராசரி போட்டு எழுதினால் பழைய செங்கல்லும் புதுச் செங்கல்லும் கலந்திருப்பது தெரியாமல் போய்விடும். நோட்டில் 5 சென்டிமீட்டர் ஒரு மீட்டர் என்ற அளவில் மேலிருந்து ஒரு படமும், பக்கவாட்டு வெட்டுமுகம் ஒன்றும் வரையுங்கள். கலைத்திறன் தேவையில்லை, அளவு சரியாக இருந்தால் போதும்.

படம் எடுக்கும்போது காலை வெயில் சாய்ந்து விழும் நேரம் நல்லது. ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் வடக்கு அம்புக்குறியும் இருக்கட்டும். முழு இடம், காளவாய் மட்டும், வாய், உள்முக மினுக்கம், மண்ணின் நிறமாற்றம், கழிவுக் குவியல் என்று தூரத்திலிருந்து கிட்டே வாருங்கள். நிறம் முக்கியமாதலால் கைபேசியின் அழகூட்டும் வசதிகளை அணைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் தெரியாத எல்லைகள் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தெரியும். அப்படித் தெளிப்பதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம்.

படி 7: காலத்தைப் பற்றி அவசரப்படாதீர்கள்

"சோழர் காலம்" என்று உடனே சொல்லிவிட ஆசை வரும். டெல்டாவில் சோழர்களுக்குப் பிறகு பாண்டியர், விஜயநகரம், 1532 முதல் 1673 வரை தஞ்சை நாயக்கர், 1676 முதல் 1855 வரை மராட்டியர், அப்புறம் ஆங்கிலேயர் என்று எல்லோரும் கட்டினார்கள். எல்லோருக்கும் சுண்ணாம்பு தேவைப்பட்டது.

செங்கல் அளவை மட்டும் வைத்து முடிவு செய்வது ஆபத்து. பெரிய தட்டையான செங்கல் பழையது, சிறிய சன்னமான செங்கல் நாயக்கர், மராட்டியர் காலத்தது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் இங்கே பழைய செங்கல்லைப் பெயர்த்து மறுபடி கட்டுவது எப்போதும் நடந்தது. இடிந்த அரண்மனையின் செங்கல்லால் பின்னாளில் ஒருவர் காளவாய் கட்டியிருக்கலாம்.

ஆய்வகத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சுடுமண் கடைசியாக எப்போது சூடேறியது என்பதை வெப்ப ஒளிர்வு முறையில் கணிப்பார்கள். பழைய செங்கல்லாகவே இருந்தாலும் காளவாயின் உள்முகத்தில் அது திரும்பச் சூடேறியதால் அதன் கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கும். ஆகவே காளவாய் கடைசியாக எரிந்த காலத்தையே அது சொல்லும். இன்னொரு முறை, சுட்ட மண்ணில் உள்ள இரும்புத் துகள்கள் ஆறும்போது பதிந்துவைத்த பூமியின் காந்தத் திசையைப் படிப்பது. சுவர் இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தால்தான் இது நடக்கும். ஒரு செங்கல்லைக்கூட ஞாபகார்த்தமாகப் பெயர்த்து எடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கரித்துண்டு கிடைத்தால் கதிரியக்கக் கார்பன் முறை, அதாவது மரமோ செடியோ வளர்ந்தபோது காற்றிலிருந்து உள்ளிழுத்த கார்பனை வைத்து அதன் வயதைக் கணிப்பது. அதிலும் சூட்சுமம் உண்டு. தடித்த மரத்தின் நடுவயிரம் எரிந்த கரி, எரித்த காலத்தைவிட நூறு, இருநூறு ஆண்டு பழைய கணக்கைக் காட்டக்கூடும். சிறு சுள்ளி, உமி, தேங்காய்ச் சிரட்டைக் கரிதான் நம்பகமானது. கடல் கிளிஞ்சலை வைத்துக் கணித்தால் கடல்நீரின் பழைய கார்பனுக்குத் திருத்தம் போட வேண்டும். இறுகிய சாந்தைக்கூட இந்த முறையில் கணிக்கலாம், இறுகும்போது அந்தக் காலத்துக் காற்றைத்தானே அது உள்ளிழுத்தது. ஆனால் வேகாத அரியலூர்க் கல் துளி கலந்துவிட்டால் கணக்கு கோடிக்கணக்கான ஆண்டு பழைய பொருளால் கெட்டுப்போகும்.

இவையெல்லாம் வல்லுநர் செய்ய வேண்டியவை. உங்கள் பங்கு, எது எங்கே கிடந்தது என்பதைச் சரியாக எழுதுவது. பானை ஓடு, பீங்கான் துண்டு, காசு எதைக் கண்டாலும், அது காளவாயின் தரைக்குக் கீழே இருந்ததா, சாம்பலுக்குள்ளா, அல்லது கைவிட்ட பிறகு நிரம்பிய மண்ணிலா என்று குறியுங்கள். தரைக்குக் கீழே கிடந்தது காளவாய் கட்டுவதற்கு முந்தையது. மேலே நிரம்பிய மண்ணில் கிடந்தது அது அணைந்தபின் வந்தது. நீல வெள்ளைச் சீனப் பீங்கான் பரவலானது 14ஆம் நூற்றாண்டிலிருந்துதான். அப்படி ஒரு துண்டு தரைக்கு அடியில் கிடந்தால், முற்காலச் சோழர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 8: சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள்

பலர் மூடி மறைப்பது பயத்தால். "நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும்" என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. தகவல் சொன்னதும் பட்டா மாறிவிடாது. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டப்படி ஓர் இடத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று அறிவிப்பதற்கு முன் அரசு இரண்டு மாத அவகாசம் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். மனைக்காரரிடம் இதை முதலிலேயே எடுத்துச் சொல்லுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் அவர் நிலத்துக்குள் நுழையவும் கூடாது.

கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாவட்டத் தொல்லியல் அலுவலர் மூவருக்கும் எழுத்தில் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1961 முதல் இயங்குகிறது, கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அகழாய்வு செய்ததும் அந்தத் துறைதான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது, அங்குள்ள ஆசிரியர்களையும் அணுகலாம்.

தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போன்ற மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைப் பகுதி, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அந்த எல்லைக்குள் என்றால் இந்தியத் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். காசு, நகை, செப்புத் திருமேனி போன்றவை கிடைத்தால் விஷயம் வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும்.

அறிக்கை இரண்டு பக்கம் போதும். எப்போது, எந்த வேலையின்போது, எந்தப் புல எண்ணில், என்ன ஆழத்தில், என்ன தெரிந்தது, அளவுகள், வரைபடம், படங்கள். நேரில் பார்த்ததையும் நீங்கள் ஊகித்ததையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். சரியான இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். புதையல் ஆசையில் இரவோடு இரவாகத் தோண்ட ஆள் வருவார்கள்.

படி 9: மூடி வையுங்கள்

அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை வெயிலும் மழையும்தான் எதிரி. மேலே கீற்றுப் பந்தல் போட்டு, சுற்றி ஒரு சிறு வரப்பு கட்டினால் தண்ணீர் உள்ளே வராது. பிளாஸ்டிக் தாளைச் சுவரோடு ஒட்டிப் போர்த்தாதீர்கள், உள்ளே வியர்த்து மண்சுவர் இளகிவிடும். பார்த்தபின் திரும்ப மூடலாம் என்று முடிவானால், அவர்கள் சொல்கிறபடி தண்ணீர் கசியும் துணி விரித்து, சலித்த ஆற்று மணல் பரப்பி, அதன்மேல் தோண்டிய மண்ணைப் போடலாம். அடுத்து எப்போதாவது யாராவது தோண்டினால், மணல் அடுக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். கட்டடத்தின் கடைக்காலைச் சற்றுத் தள்ளிப் போட முடிந்தால் காளவாய் முற்றத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

படி 10: பழைய சாந்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைச் சிமெண்டால் ஒட்டுப்போட்டால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்து, பழைய செங்கல் பொரிந்து உதிர்கிறது. அதனால்தான் நல்ல திருப்பணிகளில் இன்று கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தையே மறுபடி கேட்கிறார்கள். ஆனால் எந்தச் சுண்ணாம்பு? கிளிஞ்சலா, கல்லா, சுக்கானா?

காளவாயின் கழிவுக் குவியல் இதற்கு விடை வைத்திருக்கிறது. அருகில் உள்ள கோயில் அல்லது படித்துறையிலிருந்து தானாக உதிர்ந்த சாந்துத் துண்டில் பொடிப் பொடியாகக் கிளிஞ்சல் சில்லு தெரிகிறதா, அல்லது வெள்ளை உருண்டையும் கல் துணுக்கும் தெரிகிறதா என்று கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கழிவுக் குவியலில் இருப்பதோடு அது ஒத்துப்போனால் உங்கள் அறிக்கையில் தனித் தலைப்பில் எழுதி, திருப்பணிப் பொறியாளருக்கும் ஸ்தபதிக்கும் ஒரு நகல் கொடுங்கள். ஒத்துப்போகாவிட்டாலும் எழுதுங்கள். அந்தக் கட்டடத்துக்கான சுண்ணாம்பு வேறு காளவாயிலிருந்து வந்திருக்கலாம், அடுத்த கோடையில் ஆற்றின் மறுகரைத் திடலையும் ஒரு நடை பார்த்துவிடலாம்.